வீட்டில் ஒரு கட்டு, அரசாங்கத்தில் ஒரு கட்டு

1967. வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் சர் பேட்ரிக் டீனிடம் ஒரு யோசனை கேட்கப்பட்டது. அமெரிக்காவில் லாங் ஐலண்டில் குடியிருக்கும் 85 வயது எழுத்தாளர் ஒருவருக்கு அரசாங்கக் கௌரவம் கொடுக்கலாமா? கூடாது என்று எழுதி அனுப்பினார் டீன். அவர் சொன்ன முதல் காரணம், போர்க்காலத்துப் பழைய விவகாரம் மறுபடி கிளம்பும் என்பது. இரண்டாவது காரணம்தான் அபாரம். இவர் கதைகளில் வரும் பெர்ட்டி வூஸ்டரைப் போலத்தான் ஆங்கிலேயர்கள் எல்லாரும் இருப்பார்கள் என்று வெளிநாட்டில் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை ஒழிக்க நாம் பாடுபடும் நேரத்தில் நாமே அதற்கு முத்திரை குத்தலாமா?

வேலைவெட்டி இல்லாமல், அத்தைக்குப் பயந்து, வேலைக்காரனின் மூளையில் காலம் தள்ளும் ஒரு கற்பனை வாலிபனைக் கண்டு ஒரு வல்லரசின் வெளியுறவுத் துறை நடுங்கியிருக்கிறது! பெர்ட்டியைப் படைத்த பி.ஜி. வுட்ஹவுஸே இதைவிட நல்ல காட்சி எழுதியிருக்க முடியாது. ஆனால் இந்தக் கடிதத்தை அவர் பார்க்கவில்லை. அது 2002-ல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அவர் இறந்து அப்போது 27 வருஷம்.

வுட்ஹவுஸைப் பற்றிய காகிதங்கள் இரண்டு கட்டாக இருக்கின்றன. ஒன்று, அவரும் குடும்பத்தாரும் சேர்த்து வைத்தது: கையெழுத்துப் பிரதிகள், தட்டச்சுப் படிகள், குறிப்பு நோட்டுகள், கடிதங்கள். அவருடைய வளர்ப்பு மகள் லியோனோராவின் மகன் சர் எட்வர்ட் கஸலெட் காத்து வந்த இந்தத் தொகுப்பு, 2016-ல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்று, அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி அரசாங்கம் எழுதிக் கட்டி வைத்தது: உளவுத்துறை விசாரணை, வழக்குரைஞர்களின் அபிப்பிராயம், பட்டம் வேண்டாம் என்ற சிபாரிசு. அது கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரே ஊரின் இரண்டு கட்டடங்களில் இருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் முழுசாகத் தெரிகிறார். தனித்தனியே படித்தால் ஒன்றில் அப்பாவி, மற்றதில் ஆசாமி.

ரூபாய் கெடுத்த படிப்பு

பெல்ஹம் கிரென்வில் வுட்ஹவுஸ் 1881 அக்டோபர் 15-ல் இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஹாங்காங்கில் மாஜிஸ்திரேட். பிள்ளைகளைச் சீமையில் விட்டுவிட்டுப் பெற்றோர் கிழக்கே இருப்பது அந்தக் காலத்து ராஜாங்கக் குடும்பங்களின் வழக்கம். இரண்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை பெற்றோரை அவர் அபூர்வமாகத்தான் பார்த்தார். ஆயா, விடுதிப் பள்ளி, விடுமுறைக்கு உறவுக்காரப் பெண்மணிகளின் வீடுகள் என்று மாறி மாறி வளர்ந்தார். பின்னாளில் அவர் நாவல்களில் இடி மின்னலோடு நுழையும் அத்தைகளுக்குப் பஞ்சமே இல்லாமல் போனதற்கு இந்த வளர்ப்பே விதை. 1894-ல் சேர்ந்த டல்லிச் பள்ளிதான் அவருக்கு முதல் நிரந்தர வீடு. ஆறு வருஷம் அங்கே கிரிக்கெட், ரக்பி, லத்தீன், கிரேக்கம் என்று சந்தோஷமாக இருந்தார்.

அடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு என்று நினைத்திருந்தபோது நம் ரூபாய் குறுக்கே வந்தது. அப்பாவின் ஹாங்காங் ஓய்வூதியம் ரூபாயில் கணக்கிடப்பட்டது. பவுனுக்கு எதிராக ரூபாய் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்ட, இரண்டு பையன்களை ஒரே நேரத்தில் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கக் கட்டாது என்று முடிவானது. அண்ணன் ஏற்கெனவே ஆக்ஸ்ஃபோர்டில் இருந்ததால் தம்பி வங்கிக்குப் போனார். வயதான பிறகு இந்த ரூபாய்க் கதையை வுட்ஹவுஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்போது அது சிரிப்பாக இருந்திருக்காது.

அண்ணன் எர்னஸ்ட் ஆர்மைன் வுட்ஹவுஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1902-ல் நியூடிகேட் கவிதைப் பரிசு வாங்கினார். பிறகு பிரம்மஞான சபையில் ஈடுபட்டு இந்தியாவுக்கு வந்தார். அன்னி பெசன்ட் காசியில் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியில் பேராசிரியர். அடையாற்றில் கண்டெடுக்கப்பட்டு ‘உலக குரு’வாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு ஆசிரியராகவும், அவருக்காகவே தொடங்கப்பட்ட கிழக்கு நட்சத்திர சங்கத்தில் முக்கியப் பொறுப்பிலும் இருந்தார். 1911 டிசம்பர் 28-ல் காசியில் பெரியவர்களெல்லாம் அந்தப் பையனின் காலில் விழுந்த சம்பவத்தை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் இந்த ஆர்மைன்தான். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் உலக ரட்சகருக்குப் பாடம் சொல்லப் போனார். மற்றவர் உலகத்தில் ரட்சிக்கப்பட வேண்டியது எதுவுமில்லை என்பதுபோல் கதை எழுதினார்.

வரவு எழுதும் பழக்கம்

ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 1900-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்த இளைஞர், தனக்கென்று ஒரு கணக்கு நோட்டும் வைத்துக்கொண்டார். எழுத்துக்காகக் கிடைத்த பணம் ஒவ்வொன்றையும் அதில் எழுதினார். பள்ளி விளையாட்டு அணித் தலைவனின் கடமைகள் பற்றிய கட்டுரைக்கு வந்த பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் பரிசிலிருந்து தொடங்கி 1908 வரை போகிறது அந்த நோட்டு. பகலில் வங்கி, ராத்திரி எழுத்து. வங்கியில் இருந்த இரண்டு வருஷத்தில் ஒன்பது பத்திரிகைகளில் 80 படைப்புகள் அச்சாயின.

வங்கியில் ஒருநாள் புத்தம் புதிய பேரேடு வந்தது. அதன் முதல் பக்கத்தின் வழவழப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பேரேட்டுத் திறப்பு விழா என்று ஒரு கேலிக் கட்டுரையை அதிலேயே எழுதிவிட்டார். பிறகு பயந்துபோய்ப் பக்கத்தைக் கிழிக்க, பெரிய ரகளை. இது அவரே பிற்பாடு சொன்ன கதை. அவர் சொன்ன மற்றக் கதைகளைப் போலவே இதற்கும் கொஞ்சம் கண், மூக்கு வைத்திருப்பார். சொந்த வாழ்க்கையையே திருத்தி எழுதும் இந்தப் பழக்கம் பின்னால் நமக்குத் தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1902 செப்டம்பரில் வங்கியை விட்டார். அதே வருஷம் முதல் புத்தகம். ‘குளோப்’ மாலைப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி. 1914 செப்டம்பர் 30-ல் நியூயார்க்கில் எதெல் என்ற இளம் விதவையை மணந்தார். எதெலின் மகள் லியோனோராவைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1915-ல் இரண்டு கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன: பெர்ட்டியின் வேலைக்காரன் ஜீவ்ஸ் முதன்முதலாக எட்டிப் பார்த்த சிறுகதை, பிளாண்டிங்ஸ் கோட்டை முதன்முதலாக வந்த நாவல். ஜீவ்ஸ் என்ற பெயர், செல்டன்ஹாமில் வுட்ஹவுஸ் ஆடப் பார்த்த வார்விக்‌ஷயர் கிரிக்கெட் வீரர் பெர்சி ஜீவ்ஸுடையது. கதாபாத்திரம் அழியாப் புகழ் பெறத் தொடங்கிய வேளையில், 1916 ஜூலையில், அந்த வீரர் சோம் போர்க்களத்தில் இறந்து போனார்.

நாவல் பாதி, நாடகமேடை பாதி. ஜெரோம் கெர்ன் இசை, கய் போல்டன் கதை, வுட்ஹவுஸ் பாடல்கள் என்று மூவர் கூட்டணி பிராட்வேயை ஒரு கலக்குக் கலக்கியது. பிறகு ஹாலிவுட். வாரம் 2,000 டாலர் சம்பளம் கொடுத்த எம்.ஜி.எம். நிறுவனம் வேலை மட்டும் கொடுக்கவில்லை. இத்தனை பணத்துக்குப் பெரிதாக எதுவுமே செய்யவில்லை என்று 1931-ல் ஒரு நாளிதழ் பேட்டியில் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார். சினிமா உலகம் அதிர்ந்தது. மைக்கோ நிருபரோ எதிரே இருந்தால் மனதில் பட்டதை வேடிக்கையாகச் சொல்லிவிடுவது, அதன் விளைவை யோசிக்காமல் இருப்பது: அதற்கு இது ஒத்திகை.

சுவரில் ஏறிய பக்கங்கள்

அவர் நாவலைப் படிக்கிறவருக்கு, மனுஷர் உட்கார்ந்த இடத்தில் சிரித்துக்கொண்டே எழுதித் தள்ளியிருப்பார் என்றுதான் தோன்றும். காகிதங்கள் வேறு கதை சொல்கின்றன. ஒரு நாவலின் முதல் வரியை எழுதும் முன் கதைப்பின்னலுக்கு மட்டும் 400 பக்கம்வரை குறிப்பு எழுதுவார். யார் எந்த அறையில், திருட்டுப் பன்றி எந்தக் கொட்டகையில், காதலன் எந்த ரயிலில் என்று கணக்குத் தீர்ந்த பிறகே வசனம். எழுதிய தாள்களை அறைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைப்பார். தேறிய பக்கம் மேலே ஏறும். சவசவ பக்கம் கீழே தொங்கும். எல்லாப் பக்கமும் மேலே ஏறும்வரை திருத்தல் ஓயாது. 90-க்கு மேற்பட்ட புத்தகங்கள் இப்படித்தான் உருவாயின.

பள்ளித் தோழர் வில்லியம் டவுனெண்டுக்குப் பல பத்தாண்டுகள் எழுதிய கடிதங்கள் இந்தப் பட்டறையின் ஜன்னல். அவரும் எழுத்தாளர், ஆனால் விற்காத எழுத்தாளர். கதை நகராமல் நிற்பது, நடுப்பகுதி தொய்வது, பத்திரிகை கொடுக்கும் விலை, நாய்களின் உடல்நலம் என்று எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. 1953-ல் அவை புத்தகமானபோது வுட்ஹவுஸ் சும்மா கொடுத்துவிடவில்லை. பழைய கடிதங்களுக்குப் புது நகைச்சுவை சேர்த்தார். சிலவற்றைத் தலைகீழாக மாற்றி எழுதினார். வெளியே காட்ட வேண்டிய வுட்ஹவுஸையும் நாவல் பாத்திரம் மாதிரியே செதுக்கினார்.

அசல் காகிதம் இருக்க வேண்டியதன் அவசியம் இங்கேதான் புரிகிறது. அச்சான கடிதத்தில் கவலையே தெரியாத மனிதர், அசல் கடிதத்தில் மகளை நினைத்து ஏங்குகிறார், வருமான வரிக்குப் பயப்படுகிறார், அடுத்த நாவல் வராமல் போய்விடுமோ என்று தவிக்கிறார். சோஃபி ராட்கிளிஃப் 2011-ல் தொகுத்த கடிதத் தொகுதி அசல் கடிதங்களுக்குத் திரும்பிப் போனதால்தான் இந்த இன்னொரு குரல் வாசகர்களுக்குக் கேட்டது.

முகாமில் ஒரு நோட்டு

1939 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ரூபாய் தடுத்த வாசல் 57 வயதில் திறந்தது. அடுத்த வருஷமே எல்லாம் குலைந்தது. வடக்கு பிரான்ஸின் லெ துகே கடற்கரையில் வீடு வைத்திருந்த வுட்ஹவுஸ் தம்பதி ஜெர்மானியப் படை நெருங்கியும் உரிய நேரத்தில் கிளம்பவில்லை. 1940 ஜூலையில், எதிரி நாட்டு ஆண் என்ற கணக்கில் வுட்ஹவுஸை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். லூஸ் சிறை, லியேஜ் ராணுவக் கொட்டடி, ஹூய் கோட்டை என்று மாற்றி மாற்றி, கடைசியில் மேல் சிலேசியாவின் டோஸ்ட் ஊரில், முன்பு மனநோய் விடுதியாக இருந்த கட்டடத்தில் அடைத்தார்கள்.

அங்கேயும் நோட்டும் பென்சிலும் இருந்தன. பசி, குளிர், வரிசையில் நின்று எண்ணப்படுவது, சக கைதிகளின் பேச்சு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு முழு நாவலையும் எழுதி முடித்தார். முகாமில் கூடியிருந்தவர்களுக்கு முன் தன் அனுபவங்களை வேடிக்கையாகச் சொல்வார். கைதிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த வேடிக்கைப் பேச்சுதான் வினையானது.

1941 ஜூன் 21-ல் விடுதலை. அறுபது வயதானவர்களை விடுவிப்பது வழக்கம். இவருக்கு இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. பெர்லினில் ஹாலிவுட் நாள்களில் பழகிய ஜெர்மானியர் ஒருவர் எதிர்ப்பட்டார். முகாமுக்குக் கடிதமும் பார்சலும் அனுப்பிய அமெரிக்க வாசகர்களுக்கு நன்றியாக வானொலியில் பேசலாமே என்ற பேச்சு எழுந்தது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. வுட்ஹவுஸ் சம்மதித்தார். கைதான கதையைக் கேலியாகச் சொல்லும் ஐந்து உரைகள் பெர்லினிலிருந்து ஒலிபரப்பாயின. அவற்றில் நாஜிகளைப் புகழும் சொல் இல்லை. அரசியலும் இல்லை. இல்லாததுதான் குற்றம். லண்டன் மேல் குண்டு விழுந்து ஆயிரக்கணக்கில் செத்த வருஷத்தில், எதிரியின் ஒலிபெருக்கி முன் நின்று ஒரு ஆங்கிலேயர் சிறைவாசத்தைத் தமாஷாகப் பேசினால் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்துக்கு வேறென்ன வேண்டும்? நாங்கள் அத்தனை மோசமில்லை என்று அமெரிக்காவுக்குக் காட்ட ஒரு சாட்சி இனாமாகக் கிடைத்தது.

இங்கிலாந்து கொதித்தது. தகவல் அமைச்சர் டஃப் கூப்பர் வற்புறுத்தலில், பி.பி.சி. நிர்வாகிகளின் எதிர்ப்பையும் மீறி, ‘கஸாண்ட்ரா’ என்ற புனைபெயரில் எழுதிய பத்திரிகையாளர் வில்லியம் கானர் 1941 ஜூலை 15-ல் வானொலியில் அவரைத் துரோகி என்று கிழித்தார். சில நூலகங்கள் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்தன. பழைய நண்பர் ஏ.ஏ. மில்னும் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். டோரதி சேயர்ஸ் போன்ற சிலர் பரிந்து பேசினார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் எழுதிய கட்டுரைதான் நிதானமானது: வுட்ஹவுஸின் மனம் முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்திலேயே நின்றுவிட்டது, அவரிடம் இருந்தது அசட்டுத்தனம், துரோகம் அல்ல.

பூட்டிய அறிக்கை

பாரிஸ் மீட்கப்பட்டதும் எம்.ஐ.5-இன் மேஜர் எட்வர்ட் கஸ்ஸன் 1944 செப்டம்பரில் நேரில் வந்து விசாரித்தார். தொழிலால் வழக்கறிஞர். நடந்ததை வுட்ஹவுஸ் ஒளிக்காமல் சொன்னார். அதற்குச் சில மாதம் முன்புதான், சின்ன அறுவைசிகிச்சையின்போது லியோனோரா இறந்திருந்தார். எதிரிக்கு உதவும் எண்ணத்தோடு செய்தார் என்று எந்த ஜூரியையும் நம்ப வைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார் கஸ்ஸன். அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது. உங்கள் மேல் குற்றமில்லை என்று வுட்ஹவுஸுக்கு யாரும் எழுதித் தரவில்லை. இங்கிலாந்துக்கு வந்தால் கைதாக மாட்டீர்கள் என்ற உறுதியும் கிடைக்கவில்லை.

அரசாங்கக் கட்டில் அவருக்குச் சங்கடமான தாள்களும் உண்டு. பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்திலிருந்து அவருக்குப் பணம் வந்த குறிப்புகள் பிற்பாடு வெளியான கோப்புகளில் இருக்கின்றன. அது கூலியா, பாத்தியதைப் பணமா என்ற வாதம் உண்டு. ஆனால் இந்தக் குறிப்புகளை மறைத்துவிட்டு அவரைத் தொட்டில் குழந்தையாக்குவதும் நியாயமில்லை. 59 வயது மனிதர், பத்திரிகையிலும் ஹாலிவுட்டிலும் ஒப்பந்தம் பேசிப் பழகியவர், சல்லிக் காசையும் நோட்டில் எழுதியவர். மைக்கின் சொந்தக்காரன் யார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அது முக்கியம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாததற்குக் காரணம் வீட்டுக் கட்டில் கிடைக்கிறது: துக்கமோ அவமானமோ எது வந்தாலும் அதை நகைச்சுவையாகத் திருத்தி எழுதி வெளியே அனுப்புவது வாழ்நாள் பழக்கம். டல்லிச் பள்ளிக்கு முன்பிருந்த தனிமையையும், கைநழுவிய ஆக்ஸ்ஃபோர்டையும் கடக்க உதவிய அதே பழக்கம் பெர்லினில் காலை வாரியது. தாளில் எழுதியிருந்தால் தப்பான பக்கம் சுவரின் அடியில் கிடந்து திருத்தப்பட்டிருக்கும். வானொலிக்கு அந்த வசதி இல்லை.

1947-ல் அமெரிக்கா போனவர் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1955-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். லாங் ஐலண்டின் ரெம்சன்பர்க் கிராமத்தில் காலை உடற்பயிற்சி, எழுத்து, நாய்களோடு நடை என்று ஒரே தாளத்தில் நாள்கள். முகாம் அனுபவத்தை நகைச்சுவைப் புத்தகமாக்கும் திட்டமும் இருந்தது. அது வெளிவரவே இல்லை. 1961 ஜூலை 15-ல், கஸாண்ட்ரா பேச்சின் இருபதாம் ஆண்டு நாளன்று, நாவலாசிரியர் எவ்லின் வா அதே பி.பி.சி.யில் அவருக்காகப் பேசிக் கறையைத் துடைக்கப் பார்த்தார். கஸாண்ட்ராவோடேயே வுட்ஹவுஸ் அதற்குள் நட்பாகியிருந்தார். பழி வாங்கியது ஒரே இடத்தில்: மில்னைப் போலவே மகனை வைத்துக் கவிதை எழுதும் ஒரு கவிஞரைப் படைத்து அவரை நன்றாக வாரினார்.

1975 புத்தாண்டுப் பட்டியலில் கடைசியாகச் சர் பட்டம் வந்தது. அதே பட்டியலில் சார்லி சாப்ளினும் இருந்தார். உலகத்தையே சிரிக்க வைத்து, கடைசிக் காலத்தை வெளிநாட்டில் கழித்த இரண்டு ஆங்கிலேயர்களுக்கும் தாய்நாடு ஒரே நாளில் சமாதானம் சொன்னது. ஆறு வாரத்தில், பிப்ரவரி 14-ல், 93 வயதில் வுட்ஹவுஸ் ஆஸ்பத்திரியில் காலமானார். கடைசி நாவலில் 16 அத்தியாயம் முடிந்திருந்தது. மீதிக்கான குறிப்புகளோடு சேர்த்தே அதை 1977-ல் வெளியிட்டார்கள். இளைஞனாக இருந்தபோது கதையை எப்படி முடிச்சுப் போட்டு அவிழ்த்தாரோ, 93 வயதிலும் அதே பதற்றத்தோடு செய்தார் என்பதற்கு அந்தக் குறிப்புகள் சாட்சி.

கஸ்ஸன் அறிக்கைக்காகப் போராடியவர் நாடாளுமன்ற உறுப்பினர் இயன் ஸ்ப்ரோட். 1980-ல் அது வெளியானது. எதெல் அப்போது உயிரோடு இருந்தார். 1984 வரை வாழ்ந்தார். கணவரைக் குற்றவாளியில்லை என்று சொன்ன தாள், எழுதப்பட்டு 36 வருஷம் கழித்து மனைவி காலத்தில்தான் வெளிவந்தது. தாமதத்துக்குப் போர் ரகசியம் எதுவும் காரணமில்லை. ஒருவரைப் பற்றி ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட நாட்டுக்கு, அந்த முடிவு தப்பென்று சொல்லும் தாளைத் திறக்க அவசரம் இருக்கவில்லை.

இன்று டல்லிச் பள்ளி நூலகத்துக்கு அவர் பெயர். அவருடைய மேஜையும் தட்டச்சு இயந்திரமும் அங்கே இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் கையெழுத்துப் பிரதிகள். கியூவில் கோப்புகள். எழுத்தாளரின் வீட்டுக் காகிதத்தை எடைக்குப் போடாமல் ஒரு குடும்பம் காத்ததால்தான், அரசாங்கம் எழுதியதை எதிரே வைத்துச் சரிபார்க்க நமக்கு ஒரு கட்டு இருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால் வுட்ஹவுஸைப் பற்றிய கடைசி வார்த்தையை ஒரு உளவு அதிகாரியும் ஒரு தூதரும் மட்டுமே எழுதியிருப்பார்கள்.